ஒரு முழத்துக்குள் அப்பச்சி

எங்கள் வீட்டில் அப்பச்சி இருந்த நாட்களைவிட அவருடைய சவரக் கண்ணாடி இருந்த நாட்களே அதிகம். திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பாதி வீடுகளில் ஆண்கள் பர்மாவில் தொழில் பார்த்தார்கள். மூன்று வருஷம் அங்கே, சில மாதம் இங்கே என்று முறை வைத்து வந்து போவார்கள். அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும் கூப்பிடுவது எங்கள் வீடுகளின் வழக்கம். எனக்கு ஒன்பது வயது முடிவதற்குள் அப்பச்சியை மொத்தமாக ஒரு வருஷம் பார்த்திருந்தால் அதிகம். அவர் முகம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருந்தது. மூக்கு நினைவுக்கு வரும்போது வாய் மறந்துவிடும். ‘நீ அப்படியே ஒங்க அப்பச்சிய உரிச்சு வச்சிருக்கே’ என்று வருகிறவர்கள் எல்லாம் என் தாடையைப் பிடித்துச் சொல்வார்கள். ஒரு பெண் பிள்ளையைப் பார்த்துச் சொல்லக்கூடிய நல்ல வார்த்தையாக அது எனக்குப் படவில்லை. அப்பச்சிக்குப் பெரிய மீசை இருந்தது.

அந்தக் கண்ணாடியைக் கடைசியாக வந்தபோது ரங்கூனிலிருந்து கொண்டுவந்தார். சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவு, வட்டமானது, சுற்றிலும் வெள்ளையாகப் பளபளக்கும் சட்டம், பின்னால் நிற்க வைக்க ஒரு கம்பிக் கால். நடுவில் இலேசாகக் குழிந்திருக்கும். விரலால் தடவினால்தான் தெரியும். சவரம் செய்யும்போது ஒரு மயிர் தப்பாது என்று அதைப் பற்றி அப்பச்சிக்குப் பெருமை. அவ்வளவு பெருமைப்பட்டவர் புறப்படும்போது மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆத்தா அதை அவர் அறையின் சுவர் மாடத்தில் அப்படியே வைத்திருந்தாள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைத் திறந்தால் எதிரே வெயில் கொட்டும் முற்றம். அறைக்குள்ளே எப்போதும் சாயங்காலம்.

பகலில் பெரியவர்கள் கண் அசரும் நேரத்தில் நான் அந்த அறைக்குள் போய்விடுவேன். திருடப் போனவள் இல்லை. அந்தக் கண்ணாடி மற்றக் கண்ணாடிகளைப் போல ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை, அதுதான் காரணம். முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் என் முகம் பூசணிக்காய் மாதிரி பெரிசாகி எதிரே நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தால் இன்னும் பெரிசாகி, கடைசியில் மூக்கும் கண்ணும் ஒன்றோடொன்று கரைந்து கலங்கிப் போயிற்று. இன்னும் பின்னால் போனால் கலக்கம் தெளிந்தது, ஆனால் நான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன், சின்னஞ்சிறிசாக. கண்ணாடிக்கு எதிரே நிற்கிறவர் யார் என்பதோடு, எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதும் அதற்கு முக்கியமாக இருந்தது. என் கையால் அளந்து பார்த்தேன். ஒரு முழத்துக்குள் நின்றால் நேர். ஒரு முழத்தைத் தாண்டினால் கலக்கம். இரண்டு முழத்துக்கு அப்பால் தலைகீழ். எத்தனை நாள் அளந்தாலும் இது மாறவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் குழிந்து மினுங்கிய எதையும் நான் சும்மா விடவில்லை. வெள்ளிக் கரண்டியின் உள்பக்கம் தலைகீழாகக் காட்டியது. வெளிப்பக்கம் எவ்வளவு தூரம் தள்ளிப் பிடித்தாலும் நேராகத்தான் காட்டியது, ஆனால் கஞ்சத்தனமாக, சின்னதாக. பாயசத்தைச் சாப்பிடாமல் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததற்காக என் பெரியாத்தாவிடம் தலையில் ஒரு குட்டு வாங்கினேன். பெரியாத்தா என்றால் பெரியப்பச்சியின் மனைவி. அப்பச்சியின் அண்ணனான பெரியப்பச்சிதான் அந்த வீட்டில் எங்களுக்கெல்லாம் பெரியவர்.

ஒரு மத்தியானம் கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்தின் பக்கம் திருப்பினேன். எனக்கும் கதவுக்கும் நடுவே ஓரமாக ஒரு கொடி. அதில் அப்பச்சியின் வெள்ளைத் துண்டு ஒன்று தொங்கியது. அதன்மேல் ஏதோ வெளிச்சக் கறை ஆடியது. கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தினேன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் கறை சட்டென்று உருவம் கொண்டது. எங்கள் முற்றம்! வானம் கீழே, தரை மேலே. தரையில் பாய் விரித்துப் பெரியாத்தா மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள், கட்டைவிரல் அளவில், தலைகீழாக. மிளகாய் சிவப்பாகவே இருந்தது. அவள் கையை உதறியபோது துண்டில் இருந்தவளும் உதறினாள். நான் துண்டுக்கு முன்னால் என் உள்ளங்கையை நீட்டினேன். பெரியாத்தா என் கையில் வந்து உட்கார்ந்தாள். என்னை அத்தனை முறை குட்டியவளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஒரு யோசனை வந்தது. தலைகீழான படம் கண்ணாடியை விட்டு வெளியே வந்து துணியில் விழுகிறதே, நேராகத் தெரியும் பெரிய முகத்தையும் அப்படிப் பிடிக்கலாமா? கண்ணாடிக்கு முன்னால் துணியைப் பிடித்தேன், பின்னால் பிடித்தேன், மாடத்துக்குள் தலையை விட்டும் பார்த்தேன். பிடிபடவே இல்லை. அழகாக, நேராக, பெரிசாகத் தெரிந்த முகம் எங்கேயும் இல்லை; கோணல்மாணலாகத் தொங்கிய முகம் துணியில் விழுந்தது. இதில் எதை நம்புவது என்று எனக்குப் புரியவில்லை. பெரியாத்தாவிடம் கேட்டேன். “கண்ணாடிய ரொம்ப நேரம் பாத்தா மூக்கு கோணிக்கிரும், போடி அங்கிட்டு” என்றாள். ஆத்தாவிடம் கேட்கவில்லை. அந்த மாதங்களில் ஆத்தாவிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ரங்கூனில் குண்டு விழுந்து, ஜப்பான்காரன் உள்ளே வந்து, கடிதங்கள் நின்று போயிருந்தன. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வந்தால் எதிரும் புதிருமான வீடுகளில் பெண்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். மலை வழியாக நடந்தே வந்து சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக ஊருக்கு வரத் தொடங்கினார்கள். அப்படி வந்த பக்கத்து ஊர் சமையற்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். காலெல்லாம் புண். வழியில் ஒரு முகாமில் அப்பச்சியைப் பார்த்ததாகச் சொன்னார். “காச்சல்ல படுத்திருந்தாக. கூப்பிட்டேன், முழிக்கல. எங்க கூட்டம் கெளம்பிருச்சு, நிக்க முடியல” என்றார். “அவுகதான்னு சத்தியம் பண்ணச் சொன்னா மாட்டேன்” என்று கடைசியில் ஒரு வார்த்தையும் போட்டார். அந்த ஒரு வார்த்தைதான் எல்லோரையும் பாடாய்ப் படுத்தியது.

பெரியப்பச்சி கெட்டவர் இல்லை. தம்பியை நினைத்து ராத்திரிச் சாப்பாட்டை விட்டவர். ஆனாலும் எதையும் முடிவு தெரியாமல் வைத்திருக்க அவரால் முடியாது. “இருக்கிறவனுக்குக் காரியம் பண்ணினாலும் பாவம். போனவனுக்குப் பண்ணாம இருந்தாலும் பாவம். ரெண்டுல ஒண்ணு தெரியணும்” என்று முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் அகலமான வளவில் நடந்துகொண்டே சொல்வார். காரியம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டில் அந்தச் சித்திரையில் நடந்தது. காலையில் பூவும் பொட்டுமாக உள்ளே போன அக்காவை மத்தியானம் வெள்ளைச் சேலையில் வெளியே கொண்டுவந்தார்கள். அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆத்தாவுக்கும் அப்படி நடக்கலாம் என்ற எண்ணம் வந்தபோதெல்லாம் ஓடிப்போய் அவள் நெற்றியைப் பார்த்துவிட்டு வருவேன். ஆத்தாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

மை போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னது பெரியாத்தா. மீமிசல் பக்கத்திலிருந்து ஒருவர் வருகிறார், காணாமல் போன மாடு, நகை, ஆள் எல்லாவற்றையும் வெற்றிலையில் காட்டிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள். வெற்றிலையில் மையைத் தடவி, குழந்தை ஒன்றைப் பார்க்கச் சொல்வார். தேடுகிற ஆள் அந்தக் குழந்தையின் கண்ணுக்கு மட்டும் தெரியும். குழந்தை தலைச்சனாக இருக்க வேண்டும். நான் தலைச்சன். எங்கள் வீட்டில் என்னை ஒரு காரியத்துக்குத் தகுதியானவள் என்று முடிவு செய்தது அதுதான் முதல் தடவை. தலை முழுகிப் பட்டுப்பாவாடை கட்டி வளவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். காலை வெயில் முற்றத்தில் நிறைந்திருந்தது. என் முதுகுக்குப் பின்னால் முற்றத்து ஓரத்தில் பெரியப்பச்சி நின்றார். ஆத்தா தூணோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

மைக்காரர் ஒல்லியான மனிதர். தகரச் சிமிழிலிருந்து மையை எடுத்து வெற்றிலையில் அப்பி என் கையில் கொடுத்தார்.

“தாயி, நல்லா உத்துப் பாரு. ஒரு ஆளு வந்து தரையக் கூட்டுறானா?”

பார்த்தேன். “இல்ல” என்றேன்.

“தண்ணி தெளிக்கிறானா?”

“இல்ல.”

“நாக்காலி போட்டு ஆஞ்சநேயர் வந்து உக்காந்திருப்பாரே?”

“சும்மா கருப்பாத்தான் இருக்கு” என்றேன். எனக்கும் ஏமாற்றம்தான். ஆஞ்சநேயர் நாற்காலியில் எப்படி உட்காருவார், வாலை எங்கே வைத்துக்கொள்வார் என்று பார்க்க மிகவும் ஆசையாக இருந்தேன். மற்றக் குழந்தைகள் ‘கூட்டுறான்’ என்று ஒத்துக்கொண்டு மேலே போய்விடுவார்கள் போலிருக்கிறது. அந்தச் சாமர்த்தியம் எனக்கு இல்லை.

மைக்காரருக்கு வேர்த்துவிட்டது. “பிள்ளை மேல குத்தமில்ல ஆச்சி, எலைதான் சரியில்ல” என்று பெரியாத்தாவிடம் சொன்னார். “அவுக பொழங்குன சாமான் ஏதாச்சும் இருந்தாக் கொண்டாங்க. மொகம் பாத்த சாமானா இருந்தா ரொம்ப விசேசம்.”

பெரியாத்தா எழுந்துபோய்ச் சவரக் கண்ணாடியைக் கொண்டுவந்தாள். எனக்குத் திக்கென்றது. அவர் மை முழுவதையும் அதில் அப்பப் போனார்; “கெடுத்துப்புடாதீங்க, அவுக வந்தாக் கேப்பாக” என்று அவளே தடுத்தாள். அவர் ஆள்காட்டி விரலால் நடுவில் குறுக்காக ஒரு தடித்த கோடு மட்டும் இழுத்து, அரிசி பரப்பிய தாம்பாளத்தில் கண்ணாடியை நிறுத்தி, என்னை இரண்டு முழத்துக்கு அப்பால் உட்காரச் சொன்னார். அவர் அந்த மாதிரிக் கண்ணாடியை அதுவரை பார்த்ததே இல்லை என்பது அவர் அதை வைத்த விதத்திலேயே தெரிந்தது. நான் அவரைவிட அதிகம் தெரிந்தவள் என்ற எண்ணம் எனக்குள் குதித்தது.

“இப்ப ஆளு தெரியுதா?”

“தெரியுது.”

என் முதுகுக்குப் பின்னால் இருந்த முற்றம் முழுவதும் அந்த வட்டத்துக்குள் இருந்தது. நடுவில் ஓர் ஆள். அது பெரியப்பச்சி என்று எனக்குத் தெரியும். யார் என்று மைக்காரர் கேட்கவில்லை; கேட்டதற்குத்தானே பதில் சொல்ல வேண்டும்?

“என்ன கட்டியிருக்காக?”

“வெள்ளை வேட்டி. ரொம்பச் சின்னதாத் தெரியிறார்.”

“தூரத்துல இருக்காகள்ல, அப்படித்தான் தெரியும். படுத்திருக்காகளா, நிக்கிறாகளா?”

“நிக்கிறார்” என்றேன். பாதி உண்மை சொல்லக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். “தலைகீழா நிக்கிறார்.”

பெரியாத்தா ஓவென்று கத்தினாள். மைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அவருக்கும் ஒன்றும் ஓடவில்லை என்று இப்போது தோன்றுகிறது. கண்ணாடி அப்படித்தான், தூரத்தில் இருந்தால் எல்லாரும் தலைகீழ்தான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். யார் காதிலும் விழவில்லை. பின்னால் பெரியப்பச்சியின் குரல் கேட்டது. “போதும். தலைகீழா நிக்கிறவன் பூமியில நிக்கல. தெரிஞ்சு போச்சு.” குரல் உடைந்திருந்தது. கொஞ்சம் பொறுத்து, “நாளைக்கே சொல்லி அனுப்புங்க. ஆக வேண்டியதப் பாப்போம்” என்றார்.

கண்ணாடிக்குள் சின்னஞ்சிறு பெரியாத்தா தலைகீழாக ஓடி, தலைகீழாக இருந்த ஆத்தாவைக் கட்டிக்கொள்ளப் போவதைப் பார்த்தேன். என் வாயால்தான் இது நடக்கிறது என்று எனக்குப் புரிந்தது. எதிர்வீட்டு அக்காவின் வெள்ளைச் சேலை கண்ணுக்குள் வந்தது.

அப்போது ஆத்தா அவளை விலக்கிவிட்டு எழுந்து வந்தாள். என் பிடரியில் அவள் கை விழுந்தது. சில்லென்று இருந்தது. அன்று காலையிலிருந்து அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

“கிட்டப் போய்ப் பாரு.”

சொன்னது மட்டும் இல்லை, பிடரியைப் பிடித்து முன்னால் தள்ளினாள். நான் முழங்காலால் நகர்ந்தேன். கண்ணாடி கலங்கிற்று. இன்னும் தள்ளினாள். கலக்கம் நின்றது. எதிரே ஒரு பெரிய முகம் நேராக நின்றது. அகன்ற நெற்றி, தடித்த புருவம், மூக்குக்குக் கீழே மைக்காரர் இழுத்த தடித்த கறுப்பு மீசை. இத்தனை நாள் துண்டு துண்டாகக் கிடந்த முகம் ஒன்றாகச் சேர்ந்து என்னையே பார்த்தது. அது என் முகம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நிமிஷத்தில் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

“அப்பச்சி!” என்று கத்தினேன்.

பெரியப்பச்சி ஓடிவந்தார். “எப்படிடி இருக்கான்?”

“நேரா இருக்கார். பெரிசா. என்னையே பாக்கிறார்.”

“மீசை இருக்கா?”

“இருக்கு.”

“மொகம் எப்படி இருக்கு? சிரிக்கிறானா?”

எனக்குச் சரியாகத் தெரியவில்லை. சிரித்துப் பார்த்தேன். “சிரிக்கிறார்” என்றேன். பிறகு கண்ணாடியில் அப்பச்சிக்குக் கண்ணீர் வந்தது. அதையும் சொன்னேன்.

மைக்காரருக்கு உயிர் திரும்பி வந்தது. “நாந்தான் சொன்னேன்ல! விழுந்து கெடந்தவுக எந்திரிச்சுட்டாக. முன்ன தூரத்துல இருந்தாக, இப்பக் கிட்டத்துல வந்துக்கிட்டிருக்காக” என்று எல்லாவற்றையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அவர் எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. பெரியப்பச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சொல்லி அனுப்புகிற பேச்சு அன்றோடு நின்றது. அதற்குப் பிறகு வீட்டில் யாராவது அதை எடுத்தால், “பிள்ளை கண்ணால பாத்திருக்கு” என்று பெரியாத்தாவே அடக்கிவிடுவாள்.

அப்பச்சி வரவில்லை. சண்டை முடிந்து போக்குவரத்துத் திறந்த பிறகு, கூட இருந்தவர் ஒருவர் ஊருக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். அந்த முகாமிலேயே, சமையற்காரர் பார்த்த மறுநாளே முடிந்துவிட்டது. மைக்காரர் எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதற்கு நான்கு மாதம் முன்பு. ஆனால் அதற்குள் ஆத்தாவுக்கு ஏறக்குறைய நான்கு வருஷப் பூவும் பொட்டும் கிடைத்திருந்தன.

பல வருஷம் கழித்து என் மகனின் விஞ்ஞானப் புத்தகத்தில் குழியாடியின் படம் வந்தது. ஒரு மெழுகுவர்த்தி, சில அம்புக்குறிகள். ஒளி உண்மையாகவே வந்து கூடும் இடத்தில் விழுவது மெய்பிம்பம், அது தலைகீழாக இருக்கும், திரையில் பிடிக்கலாம். நேராகவும் பெரிதாகவும் தெரிவது மாயபிம்பம், பிடிக்க முடியாது. நான் இதையெல்லாம் ஒரு துண்டை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன் என்று அவனிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அவன் நம்பவில்லை.

மை போட்ட அன்று மத்தியானம் நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது. எல்லோரும் களைத்துப் படுத்துவிட்டார்கள். ஆத்தா கண்ணாடியை அறைக்குக் கொண்டுபோய், எண்ணெய்த் துணியால் மைக்கோட்டைத் துடைத்து மாடத்தில் வைத்தாள். பிறகு குங்குமச் சிமிழை எடுத்தாள். இரண்டு முழத்தில் நின்றால் தலைகீழ், ஒரு முழத்தில் நின்றால் கலங்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் ஆசையோடு ஓடினேன். சொல்வதற்குள் அவள் நேராகப் போய் நிற்க வேண்டிய இடத்தில் நின்றுவிட்டாள். தடுமாறவில்லை, முன்னே பின்னே நகரவில்லை. நெற்றி நடுவில் வட்டமாகப் பொட்டை வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. நானே பாடுபட்டுக் கண்டுபிடித்த இடத்தில் இவள் தற்செயலாக வந்து நின்றுவிட்டாளே என்று நினைத்தேன். அன்று காலையில் அவள் ‘பாரு’ என்று மட்டும் சொல்லவில்லை, ‘கிட்டப் போய்’ என்று சொன்னாள் என்பது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று.